பார்க் சிட்டியில் ஒரு கோடை: பறப்பவர்களைத் தேடி

வெள்ளி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியிலிருந்து கிழக்கே ஐ-80 நெடுஞ்சாலை மலை இடுக்கு வழியாக ஏறுகிறது. முக்கால் மணி நேரத்துக்குள் பார்க் சிட்டிக்குத் திரும்புகிற கிம்பல் ஜங்ஷன் வந்துவிட்டது. மலைச்சரிவில் வெள்ளையாக நீண்ட கோடுகள் தெரிந்தன. 2002 ஒலிம்பிக்கில் ஸ்கீ ஜம்ப் நடந்த சறுக்குத் தளங்கள் அவை. இப்போது ஜூலை, பனி ஒரு பொட்டுகூட இல்லை.

"பனி விளையாட்டைப் பார்க்க வெயிலில் வருகிற ஒரே ஆள் நீங்கள்தான் சித்தப்பா" என்றாள் அண்ணன் மகள். கார் ஓட்டுவது அவள்தான். சின்ன வயதில் சில ஆண்டுகள் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகி, பிறகு விட்டவள். எனக்கு ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்த பழக்கம் மட்டும்தான்.

நான் பார்க்க வந்தது ஏரியல்ஸ். பனிச்சரிவில் சறுக்கி வந்து, கிக்கர் எனப்படும் செங்குத்தான பனி மேட்டில் ஏறி, காற்றில் மூன்று குட்டிக்கரணம் வரை அடித்து, அதற்குள் நான்கைந்து தடவை உடலைச் சுழற்றி, காலில் இறங்குகிற விளையாட்டு. கையில் கோல் கிடையாது. கிக்கரை அடையும்போது வேகம் மணிக்கு 60, 70 கிலோமீட்டர். காற்றில் இருப்பது சுமார் 3 விநாடி.

இந்த வேலையைப் பழகுவது கோடையில்தான். அதனால்தான் ஜூலை.

சனி

காலையிலேயே யூட்டா ஒலிம்பிக் பார்க் போய்விட்டோம். 2002-இல் பனிக்கட்டிப் பாதையில் வண்டியில் சறுக்குகிற பாப்ஸ்லெட், லூஜ், அப்புறம் ஸ்கீ ஜம்ப் எல்லாம் இங்கேதான் நடந்தன. ஏரியல்ஸ் போட்டி நடந்தது இங்கே இல்லை. ஆனால் அந்த விளையாட்டுக்காரர்கள் உருவாகிற நீச்சல்குளம் இங்கேதான் இருக்கிறது.

குளத்தின் ஒரு பக்கம் உயரமான சறுக்குத் தளங்கள். பல அளவில் உண்டு: குழந்தைகளுக்குச் சின்னது, ஒற்றைக் குட்டிக்கரணத்துக்கு ஒன்று, இரட்டைக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. மேற்பரப்பு முழுக்க பிளாஸ்டிக் குச்சங்கள். அவற்றின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஸ்கீ வழுக்க வேண்டுமே. தளத்தின் முனை வானத்தைப் பார்த்து வளைந்திருக்கிறது. மூன்று கரணத்துக்கான கிக்கர் கிட்டத்தட்ட 70 டிகிரி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் சுவர் மாதிரிதான் தெரிகிறது. அதை நோக்கி ஒருவர் வேண்டுமென்றே வேகமெடுத்து வருகிறார் என்பதை நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஒரு பெண் படியேறிக்கொண்டிருந்தாள். பதினைந்து, பதினாறு வயது இருக்கும். ஈர உடை, மேலே மிதவைச் சட்டை, ஹெல்மெட், காலில் கனமான ஸ்கீ பூட்ஸ், தோளில் ஸ்கீ. பூட்ஸில் துளை போட்டிருக்கிறார்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற. ஒவ்வொரு படியிலும் அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் பீச்சி அடித்தது. மேலே போனதும் ஸ்கீயை மாட்டினாள், கையை உயர்த்தினாள், கீழே பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் தலையசைத்ததும் கிளம்பினாள். ஈரமான குச்சங்களில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கிக்கரை விட்ட கணத்தில் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். அடுத்து பயிற்சியாளரின் குரல் மட்டும்: "ஸ்ட்ரெட்ச்... ஸ்ட்ரெட்ச்!" உடலை நீட்டு என்கிறார். இரண்டு கரணம். அவள் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் குளத்தின் நடுப்பகுதி உலை கொதிப்பதுபோல் பொங்கியது. அடியிலிருந்து அழுத்தக் காற்றை விடுகிறார்கள். குமிழி நிறைந்த தண்ணீர் மெத்தென்று வாங்கிக்கொள்ளும். சும்மா கிடக்கிற தண்ணீரில் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் அடி பலமாக இருக்கும்.

பிறகு நீந்திக் கரையேற வேண்டும், ஸ்கீயைத் தோளில் போட வேண்டும், மறுபடி படி. காலை முழுக்க இதேதான். பறக்கிறது மூன்று விநாடி, படியேறுகிறது பல நிமிடம்.

இடைவேளையில் அந்தப் பயிற்சியாளரிடம் பேச்சுக் கொடுத்தேன். நல்ல மனிதர், வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது.

"தண்ணீரில் எத்தனை தடவை செய்தால் பனிக்குப் போகலாம்?"

"எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வதில்லை. அவளுக்கு மோசமான நாளிலும் அந்தத் தாவல் வருகிறதா என்று பார்ப்பேன். நல்ல நாளில் யாருக்கும் வரும்."

புதுத் தாவல் எதுவும் நேரே பனிக்குப் போவதில்லை. முதலில் டிராம்போலின், இடுப்பில் கயிற்றுப் பட்டை கட்டி. அப்புறம் தண்ணீர், அப்புறம்தான் பனி. தாவல்களுக்கு இவர்கள் வைத்திருக்கிற பேரும் படிப்படியானதுதான். சுழலாமல் நேராகப் போகிற கரணம் 'லே'. கரணத்துக்குள் ஒரு முழுச் சுழற்சி 'ஃபுல்'. இரண்டு என்றால் 'டபுள் ஃபுல்'. 'லே-ஃபுல்-ஃபுல்' என்றால் மூன்று கரணம், முதலாவது நேராக, மற்ற இரண்டிலும் ஒவ்வொரு சுழற்சி. ஒரு ஃபுல்லைக் கூட்ட ஒரு கோடை போகலாம், இரண்டு கோடையும் போகலாம்.

காற்றில் போன பிறகு எப்படிச் சுழல்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. பிடித்துக்கொள்ள எதுவுமில்லையே! அண்ணன் மகள்தான் விளக்கினாள். கரணத்துக்கான உந்துதல் முழுவதும் கிக்கரிலேயே வாங்கியாக வேண்டும், காற்றில் போன பிறகு புதிதாக உந்துதல் கிடைக்காது. ஆனால் இரண்டு கையும் மேலே இருக்கும்போது ஒரு கையை மட்டும் சட்டென்று கீழே இறக்கினால் உடல் லேசாகச் சாய்கிறது. சாய்ந்த உடல் கரண வேகத்தில் ஒரு பங்கைச் சுழற்சியாக மாற்றிக்கொள்கிறது. கையைச் சமமாக்கினால் சாய்வு போய்விடும், சுழற்சியும் நின்றுவிடும். "மற்றதெல்லாம் ஜிம்னாஸ்டிக்ஸ்தான், காலில் இரண்டு பலகை கூடுதல்" என்றாள். 

அதனால்தான் இந்த விளையாட்டுக்கு நிறையப் பேர் ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வருகிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில், இனி பெரிய மேடைக்குப் போக முடியாது என்று தெரிந்தவர்களை ஏரியல்ஸ்காரர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். ஸ்கீ தெரியாவிட்டால் பரவாயில்லை, சொல்லிக் கொடுத்துவிடலாம். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிகிற புலன்தான் அரிது. அமெரிக்காவின் ஆஷ்லி கால்ட்வெல் அப்படித்தான் வந்தார். 2006 டுரின் ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்த ஜிம்னாஸ்டிக்ஸ் சிறுமி. நியூயார்க் மாநிலத்து லேக் பிளாசிடில் இதற்கென்றே இருந்த திட்டத்தில் சேர்ந்து, 2010-இல் 16 வயதில் ஒலிம்பிக்கில் நின்றார். ஆஸ்திரேலியாவின் அலிசா கேம்ப்ளினும் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்தான். சீனாவின் ஹான் சியாவ்பெங் 2006-இல் வென்றது பனி விளையாட்டில் அவர் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம்.

தண்ணீர் என்றால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. லினா செர்யாசோவா என்றொரு உஸ்பெகிஸ்தான் பெண். ஏரியல்ஸ் முதன்முதலாகப் பதக்க விளையாட்டான 1994 லில்லேஹாமரில் தங்கம் வென்றவர். குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த நாடு பெற்ற ஒரே தங்கம் அது. போட்டிக்குச் சில வாரம் முன்பு அவருடைய அம்மா இறந்துபோயிருந்தார். போட்டி முடிந்த பிறகுதான் மகளிடம் சொன்னார்கள். அதே ஆண்டு கோடையில், லேக் பிளாசிடில் தண்ணீர்ப் பயிற்சியின்போது தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தார். பிழைத்து எழுந்து 1998-இல் நாகானோவுக்குப் போனார். பழைய ஆட்டம் திரும்பவில்லை. 2019-இல் காலமானார். 

மாலை வரை குளத்தங்கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். கழுத்தெல்லாம் வெயிலில் கருத்துவிட்டது.

ஞாயிறு

அதே குளத்தில் இன்று பார்வையாளர்களுக்கான சாகசக் காட்சி. பாட்டு, ஒலிபெருக்கியில் வர்ணனை, ஒரே சமயத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து பறப்பது, கோமாளி வேடம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு நேற்றைய மௌனமான காலையே பிடித்திருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், இந்த விளையாட்டு பிறந்ததே இப்படிப்பட்ட வேடிக்கையில்தான். நார்வேக்காரர் ஸ்டெய்ன் எரிக்சன், 1952 ஆஸ்லோ ஒலிம்பிக்கில், கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்குகிற ஜயண்ட் ஸ்லாலத்தில் தங்கம் வென்றவர், அமெரிக்கா வந்து கூட்டத்துக்கு முன்னால் ஸ்கீயோடு குட்டிக்கரணம் அடித்துக் காட்டினார். எழுபதுகளில் இளைஞர்கள் அதைக் கலாட்டாவாகவே ஆக்கினார்கள். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 1979-இல் தான் ஏரியல்ஸ் அடங்கிய ஃப்ரீஸ்டைல் ஸ்கீயை அங்கீகரித்தது. 1988 கால்கரியிலும் 1992 ஆல்பர்ட்வில்லிலும் ஏரியல்ஸ் வெறும் கண்காட்சி ஆட்டம், பதக்கம் இல்லை.

எரிக்சன் கடைசி வரை வாழ்ந்தது இந்த ஊர்ப் பக்கம்தான். நாளை போகிற டீர் வேலியில் அவர் பேரில் ஒரு பெரிய விடுதியே இருக்கிறது.

திங்கள்

டீர் வேலி. ஸ்னோபோர்டு கொண்டுவரக் கூடாது, ஸ்கீ மட்டும்தான் என்று இன்னமும் பிடிவாதமாக இருக்கிற மலை. 2002-இல் ஏரியல்ஸ் இறுதிப் போட்டி நடந்த சரிவின் பெயர் வைட் அவுல். அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தோம். புல்லும் மஞ்சள் பூவுமாக இருந்தது. கிக்கர்கள் பனியால் கட்டப்படுபவை, குளிர் போனால் அவையும் போய்விடும். மிச்சம் இருப்பது சரிவு மட்டும். 

அந்தச் சரிவைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இறங்குமிடம் 38 டிகிரி அளவுக்குச் சாய்வு. ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுகிறவர் சமதரையில் இறங்கினால் முழங்கால் போய்விடும். சரிவு செங்குத்தாக இருப்பதால் விழுகிற வேகம் சறுக்குகிற வேகமாக மாறுகிறது. போட்டிக்கு முன்னால் ஒரு கூட்டம் மண்வெட்டியோடு இறங்கி, இறுகிய பனியைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி வைக்கும். ஒவ்வொருவர் இறங்கிய பிறகும் விழுகிற பள்ளத்தை நிரவிவிடுவதும் அவர்கள்தான். தொலைக்காட்சியில் அவர்களைக் காட்டுவதே இல்லை. 

மேலே, சறுக்க ஆரம்பிக்கிற இடத்தை ஒவ்வொருவரும் தானே தேர்ந்தெடுக்கிறார். சற்று மேலிருந்து கிளம்பினால் வேகம் கூடி கரணம் மிஞ்சிவிடும். சற்று கீழே நின்றால் கரணம் முடியாது. எதிர்க்காற்று, பனியின் ஈரம், எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து மணிக்கு ஒரு கிலோமீட்டர் பிசகாமல் வர வேண்டும்.

மதிப்பெண் முறை எளிதுதான். ஐந்து நடுவர்கள். எழும்பியதற்கு 20 சதவீதம், காற்றில் உடல் அமைப்புக்கு 50, இறங்கியதற்கு 30. அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு மீதியைக் கூட்டினால் உச்சம் 30. அதைத் தாவலின் கடின அளவால் பெருக்குகிறார்கள். கடின அளவு 4.5 என்று வைத்துக்கொண்டால், குறையே இல்லாத தாவலுக்கு 135. 

இந்தப் பெருக்கலில்தான் எல்லாம் இருக்கிறது. கடினமான தாவலைச் சுமாராகச் செய்வதா, எளிதானதைச் சுத்தமாகச் செய்வதா? பத்து, பதினைந்து வருட வாழ்க்கையில் இவர்கள் மறுபடி மறுபடி பதில் சொல்கிற கேள்வி இது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. 

2002 பிப்ரவரியில் இந்தச் சரிவில் இரண்டு விதமான பதிலும் கிடைத்தன. பெண்கள் போட்டியில் கேம்ப்ளின், இரண்டு கணுக்காலிலும் எலும்பு விரிசலோடு, மூன்று சுழற்சியுள்ள இரட்டைக் கரணத்தை இரண்டு தடவையும் நின்று இறக்கித் தங்கம் வாங்கினார். மூன்று கரணம் பக்கமே போகவில்லை. மறுநாள் ஆண்கள். மொன்டானா மாநிலத்து மிசூலாக்காரர் எரிக் பெர்கஸ்ட், சிறுவனாக இருந்தபோது வீட்டுக் கூரையிலிருந்து மெத்தை மேல் குதித்துப் பழகியவர், 1998 நாகானோவில் 255.64 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றவர். இங்கேயும் முதல் சுற்றில் முன்னணியில் இருந்தார். செக் நாட்டு அலேஷ் வலென்டா மூன்று கரணத்துக்குள் ஐந்து சுழற்சி போட்டு இறங்கினார். ஒலிம்பிக்கில் அதுவரை யாரும் செய்யாதது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் பெர்கஸ்ட் எதையும் மிச்சம் வைக்க முடியாது. வைக்கவில்லை. முதுகில் விழுந்தார், 12-வது இடம், அதாவது கடைசி. வெள்ளி ஜோ பேக்குக்கு, இதே பார்க் சிட்டிக்காரர். 

பெர்கஸ்ட் கொஞ்சம் அடக்கி ஆடியிருந்தால் ஏதாவது பதக்கம் வந்திருக்கும். "அசட்டுத்தனம்" என்றாள் அண்ணன் மகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்கெனவே தங்கம் வைத்திருக்கிறவருக்கு வெண்கலம் என்ன புதிதாகத் தந்துவிடப் போகிறது? மலை இறங்கும் வரை இதே சண்டைதான். 

அந்தப் போட்டிக்கே வர முடியாமல் போனவர் எமிலி குக். அமெரிக்க அணிக்குத் தேர்வாகி, ஒலிம்பிக்குக்குச் சில வாரம் முன்பு லேக் பிளாசிடில் விழுந்து இரண்டு பாதமும் நொறுங்கியது. நடக்கவே நீண்ட காலம் ஆனது. 2006, 2010, 2014 மூன்று ஒலிம்பிக்கிலும் குதித்தார். பதக்கம் கிடையாது. பெர்கஸ்ட்டைப் பற்றி நாங்கள் சண்டை போட்டோம், குக்கைப் பற்றிச் சண்டை வரவில்லை. 

செவ்வாய்

கிளம்புகிற நாள். ஒலிம்பிக் பார்க்கில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்கக் காலையில் இன்னொரு தடவை போனோம். கீழே பனிச்சறுக்கு வரலாறு, மேலே 2002 நினைவுகள். பழைய ஸ்கீக்கள், உடைகள், தீபம். ஒரு மணி நேரம் போதும். வெளியே வந்ததும் கால் தானாகக் குளத்துப் பக்கம் போனது. 

முந்தாநாள் சாகசக் காட்சியில் பறந்த ஓர் இளைஞன் இன்று சாதாரண உடையில் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் அரசாங்கச் சம்பளம் இந்த ஆட்டக்காரர்களுக்கு இல்லை. கூட்டமைப்பு உதவும், விளம்பரதாரர் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் கோடையில் பயிற்சி, வாரக் கடைசியில் காட்சி, நடுவே ஏதாவது வேலை. ஒலிம்பிக் நான்கு வருடத்துக்கு ஒரு முறை, உலகம் இவர்களைப் பார்ப்பதும் அப்போதுதான். சீனாவிலும் பெலாரஸிலும் அரசே வளர்க்கிறது, அது வேறு கணக்கு. ஆஸ்திரேலியர்கள் தண்ணீர்த் தளம் தேடி வருடா வருடம் யூட்டா வரைக்கும் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது பிரிஸ்பேனில் சொந்தமாகக் கட்டிக்கொண்டார்கள். பனியே விழாத ஊர் என்பது பிரச்சினையே இல்லை.

உடம்பு இன்னொரு கணக்கு. முழங்கால் தசைநார் அறுவதை இவர்கள் பேசுவதைக் கேட்டால் சளிப் பிடித்ததைச் சொல்வது போலிருக்கிறது. கால்ட்வெல்லுக்கு இரண்டு முழங்காலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் போனது. திரும்பி வந்து, 2017-இல் ஸ்பெயினின் சியரா நெவாடாவில், நான்கு சுழற்சியுள்ள மூன்று கரணத்தைப் போட்டியில் நின்று இறக்கிய முதல் பெண் ஆனார். உலகப் பட்டமும் அதே தாவலில். 2022 பெய்ஜிங்கில் கலப்பு அணிப் போட்டியை முதன்முறை சேர்த்தார்கள். சக அமெரிக்கர்கள் கிறிஸ் லில்லிஸ், ஜஸ்டின் ஷோனஃபெல்டோடு சேர்ந்து தங்கம் வாங்கியது அவருடைய நான்காவது ஒலிம்பிக்கில். 

தலைக்குள் நடப்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அமெரிக்காவின் ஜெரட் பீட்டர்சன், செல்லப் பெயர் 'ஸ்பீடி', பார்க் சிட்டியில் பயிற்சி பெற்றவர். அவருக்கென்று ஒரு தாவல் உண்டு: மூன்று கரணம், நடுக் கரணத்தில் மட்டும் மூன்று சுழற்சி, மொத்தம் ஐந்து. 'ஹரிகேன்' என்று பேர் வைத்திருந்தார். 2006-இல் அதை முயன்று ஏழாவது இடம். அப்புறம் ஒரு கைகலப்பு, ஒலிம்பிக்கிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தன் மனச்சோர்வையும் குடியையும் அவர் மறைத்ததில்லை. 2010 வான்கூவரில் அதே ஹரிகேனை நின்று இறக்கி வெள்ளி வென்றார், இறங்கிய இடத்திலேயே அழுதார். 2011 ஜூலையில் 29 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் தாவலைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இதை எழுதாமல் விடுவது சரியாகப் படவில்லை.

குளத்தங்கரையில் இருந்த ஓர் அம்மாவிடம், மகளை எத்தனை வயது வரை குதிக்க விடுவீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அல்லா சுப்பர் தெரியுமா உங்களுக்கு?" என்றார். தெரியும். முதலில் உக்ரைனுக்கு, பிறகு பெலாரஸுக்கு, நான்கு ஒலிம்பிக் குதித்தும் ஒரு பதக்கம்கூட இல்லை. குழந்தை பெற்று, ஆட்டத்தை விட்டு, திரும்பி வந்து, 2014 சோச்சியில் 34 வயதில் தங்கம். அதே போட்டியில் ஆஸ்திரேலியாவின் லிடியா லசீலா, 2010-இன் தங்கம், அவரும் தாய், இறுதிச் சுற்றில் பத்திரமான தாவலைப் போட்டிருக்கலாம். நான்கு சுழற்சியுள்ள மூன்று கரணத்தைத்தான் போட்டார். இறங்கும்போது தடுமாறி வெண்கலம். 

"பார்த்தீர்களா, இன்னொரு அசடு" என்றேன் அண்ணன் மகளிடம். அவள் பதில் சொல்லாமல் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். டீர் வேலியில் உலகக் கோப்பை ஏரியல்ஸ் பெரும்பாலும் குளிர்காலத்தின் நடுவில், இரவு விளக்கொளியில் நடக்குமாம். "ராத்திரியில், அந்தக் குளிரில், மலை அடிவாரத்தில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும் சித்தப்பா. யோசித்துக்கொள்ளுங்கள்" என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது, நல்ல பூட்ஸ் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.